பெத்தணன் பெறாதென்ற காலேஜ்

அந்தக் காலேஜின் மேல் பெத்தணனுக்கு விழுந்த முதல் சந்தேகம், அது பிள்ளைகளிடம் வாங்குகிற சம்பளம் குறைவாக இருந்ததுதான்.

மகள் வேலுத்தாய் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள். சாத்தூருக்கு வடக்கே, ரயில் நிற்காமல் ஓடுகிற அந்தக் கரிசல் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பரீட்சையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மதுரையில் சர்க்கார் புதிதாகப் பெண்கள் காலேஜ் திறந்திருக்கிறது, பி.யூ.சி.யில் சேர்க்கலாம் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். சம்பளம் எவ்வளவு என்று பெத்தணன் விசாரித்தார். சொன்னார்கள். நம்பாமல் வேறொருவரிடம் விசாரித்தார். அவரும் அதையே சொன்னார். உழவு மாடுகளுக்கு வருஷமெல்லாம் லாடம் அடிக்கிற செலவைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

"அப்படின்னா அது பெறாது" என்றார் பெத்தணன்.

இருபது வருஷமாக விருதுநகருக்கு மிளகாய் வத்தல் கொண்டுபோய் விற்றதில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது. விலை குறைந்த மூட்டை என்றால் மேல்வாயில் நாலு கை நல்ல வத்தல் பளபளக்கும்; அடியில் வெளுத்துப்போன சோடைதான் இருக்கும். இந்தப் பாடத்தை அவர் வத்தலோடு நிறுத்தவில்லை. விருதுநகர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் இடம் மலிவாக வந்தபோது, பெறாது என்று விட்டுவிட்டார். இப்போது அங்கே வரிசையாகக் குடோன்கள் நிற்கின்றன. சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சாபீசில் சின்னத் தொகைக்குக் கூட்டுச் சேர ஒரு சிநேகிதர் கூப்பிட்டார். "காகிதத்துல படம் போட்டு எவன் பொழச்சான்?" என்று கேட்டார் பெத்தணன். சிநேகிதர் பிழைத்துக் கார் வாங்கிவிட்டார். அதே சமயம், விலை கூடினது நல்லதாகத்தான் இருக்கும் என்று பெருந்தொகை கொடுத்து அவர் வாங்கிய காளை, ரயில்வே கேட்டின் நடுவில் போய்ப் படுத்துக்கொள்கிற காளையாக இருந்தது.

இவற்றையெல்லாம் பெத்தணன் மறந்துவிட்டார். அவர் மனைவி முத்துப்பேச்சி மறக்கவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

"சம்பளம் கம்மியா இருந்தா நல்லதுதானங்க?" என்றாள் கம்பைப் புடைத்தபடி.

"அதான் உனக்குத் தெரியல. நல்ல சரக்கை எவனாவது கம்மி விலைக்குக் குடுப்பானா?"

"சர்க்கார் என்ன வத்தலா விக்குது? படிப்புல்ல சொல்லிக் குடுக்குது."

"எதுன்னாலும் சரக்கு சரக்குதான் புள்ள. சும்மா மாதிரி வாங்கிக்கிட்டு, சும்மா மாதிரித்தான் சொல்லிக் குடுப்பாக."

"அப்ப விலை கூடுன காலேஜுல சேத்துவிடுங்க."

"அம்புட்டு ரூவாய்க்கு நான் எங்கன போக?"

முத்துப்பேச்சி சுளகைக் கீழே வைத்தாள்.

"கம்மின்னா வேண்டாம். கூடுனா முடியாது. எம்புட்டுன்னா சேப்பீக? அதையாவது சொல்லுங்க."

நடையில் உட்கார்ந்து, உப்புக் கட்டி வந்த பழைய பேப்பரை வாசித்துக்கொண்டிருந்த வேலுத்தாய் வெகுநேரமாகப் பக்கத்தைத் திருப்பவில்லை. அது ஒரே பக்கமுள்ள துண்டுக் காகிதம்தான் என்றாலும், அவள் கண் அதில் இல்லை என்று தெரிந்தது. தினமும் சாயங்காலம் அப்பாவுக்குப் பேப்பர் வாசித்துச் சொல்கிறவள் அவள்தான். அவள் போய்விட்டால் யார் வாசிப்பது என்ற கவலையும் பெத்தணனுக்குள் கிடந்தது. அதை அவர் மூட்டையின் மேல்வாயில் வைக்கவில்லை.

"ஏழாயிரம்பண்ணையில எங்க அக்கா ஆவணியில கல்யாணத்தை முடிச்சிருவோம்னு கேட்டுக்கிட்டே இருக்கா" என்று பேச்சை மாற்றினார்.

"பதினாறு வயசுப் புள்ளையைக் கேட்டாகளாக்கும்?" என்றாள் முத்துப்பேச்சி. "உங்க அக்கா மகன் எட்டாங்கிளாசையே மூணு வருஷம் படிச்சவன். அவனுக்கு இவளை விடப் படிப்புல ரொம்பப் பழக்கம்தான்."

வசமாக மாட்டிக்கொண்ட நேரத்தில்தான் பெத்தணனுக்கு அந்த யோசனை உதித்தது. மறுக்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம்.

"சரி, கேட்டுக்கோ. வத்தல் இன்னைக்கு மூட்டை எழுபது போகுது. நம்ம முப்பது மூட்டையும் எண்பத்தஞ்சுக்குப் போகட்டும். வேலுத்தாயைக் காலேஜுல சேக்கிறேன். சாமி மேல ஆணை."

வைகாசி மாசத்தில் எண்பத்தைந்து கொடுக்க எந்த மடையனும் வரமாட்டான். எல்லார் வீட்டிலும் வத்தல் குவிந்து கிடக்கிற மாசம். பெத்தணனுக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தனக்கே சிரிப்பு வந்தது.

"சரிங்க" என்றாள் முத்துப்பேச்சி.

பதினெட்டு வருஷத்தில் அவள் இத்தனை சீக்கிரத்தில் சரி சொன்னதே இல்லை. அப்போதாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் முத்துப்பேச்சி தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று விருதுநகருக்கு பஸ் ஏறினாள். இரண்டொரு நாளில் தரகர் சங்கிலிமுத்து அவர்கள் வாசலில் வந்து நின்றார், தோளில் துண்டோடு.

அந்தப் பக்கத்தில் வத்தல் விலையை வாயால் பேசுகிற வழக்கம் கிடையாது. தரகரும் சரக்கை விற்கிற சம்சாரியும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் பத்து, பாதி விரல் ஐந்து, நுனியைக் கிள்ளினால் ஒன்று. ஐந்து விரலுக்கு மேல் போனால் விட்டு மறுபடி பிடிப்பார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக வாய் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருக்கும். துண்டுக்குள் முடிந்த பேச்சு முடிந்ததுதான். அதிலிருந்து பின்வாங்கியவனுக்கு மறுபடி எவனும் கை நீட்டமாட்டான்.

"மாடு நொண்டுதாமுல்ல அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே சங்கிலிமுத்து துண்டுக்குள் ஏழரை விரல் பிடித்தார்.

பெத்தணன் திடுக்கிட்டார். எடுத்த எடுப்பிலேயே எழுபத்தைந்து. "முள்ளு குத்திருச்சு. சரியாப் போயிரும்" என்றவரின் கை, அது போதாது என்று உதறியது.

"வைத்தியர்கிட்டக் காமிச்சீகளா?" எட்டு விரல்.

"வைத்தியர் என்னத்தைக் கண்டாரு." மறுபடி உதறல்.

"நல்ல மாடாச்சே. பாத்துக்கிடுங்க." எட்டரை விரல்.

எண்பத்தைந்து. அந்த இடத்தில் கையை உருவிக்கொண்டு, கொடுக்க மனசில்லை என்று எழுந்திருந்தால் பெத்தணன் பிழைத்திருப்பார். காலேஜ் ஞாபகமும் வரத்தான் செய்தது. ஆனால் விரல்கள் இருபது வருஷப் பழக்கம் உள்ளவை. விலை ஏறிக்கொண்டிருக்கும்போது அவற்றுக்குக் காலேஜாவது கல்யாணமாவது. அவை தாமாகவே சங்கிலிமுத்துவின் சுண்டுவிரல் நுனியை இரண்டு தரம் கிள்ளின. தரகர் முகம் ஒரு கணம் சுண்டிற்று. பிறகு கையை இறுக்கிவிட்டார். எண்பத்தேழு.

"பார்ட்டி யாரு?" என்று கேட்டார் பெத்தணன், அச்சாரப் பணத்தை வாங்கிக்கொண்டே.

"அதைக் கேக்கப்படாது அண்ணாச்சி. ரொம்பக் கறாரான பார்ட்டி. ஆடிக் கடைசிக்குள்ள மிச்சத்தைக் குடுத்துட்டு எடுத்துக்கிடும். அதுவரைக்கும் மூட்டை உங்க வீட்டுலயே கிடக்கட்டும். நனையாமப் பாத்துக்கிடணுமாம்."

பெத்தணன் ராஜநடையாக உள்ளே வந்தார். "எண்பத்தேழு புள்ள."

"எண்பத்தேழா?" முத்துப்பேச்சியின் முகம் ஏனோ புளியைத் தின்றது போல ஆயிற்று. "எண்பத்தஞ்சுன்னுதான சொன்னீக?"

"மேக்கொண்டு ரெண்டு ரூவா அடிச்சேன்ல."

"அடிச்சீக, அடிச்சீக" என்றாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார் பெத்தணன். வேலுத்தாய் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

ஆணை ஆணைதான். அச்சாரப் பணத்திலிருந்தே சம்பளத்தை எடுத்துக்கொண்டு மகளோடு மதுரைக்குப் போனார். ஆபீசில் வேலுத்தாய் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பெத்தணன் மெல்ல நழுவினார். முன்பக்கத்துச் சுண்ணாம்பும் சாயமும் மேல்வாய் வத்தல். அடியில் பார்க்க வேண்டுமே. கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றிப் போய், கடைசி அறையின் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

நூல்சேலை கட்டிய ஒரு டீச்சர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் எண்ணெய் வழியத் தலைவாரிய ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அந்த மூணாவது வரி தப்பு" என்றாள். பெத்தணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இப்போது அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கப்போகிறதோ என்று நின்றார். டீச்சர் பலகையை ஒரு தரம் பார்த்தார். "ஆமாம்மா" என்றார். அழித்துவிட்டுச் சரியாக எழுதினார்.

அவ்வளவுதான். பெத்தணன் ஜன்னலை விட்டு நகர நேரமாயிற்று. மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் ரயிலில் அவர் யாரோடும் பேசவில்லை. மகளைப் பிரிந்த துக்கம் என்று பக்கத்தில் இருந்தவர் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

ஆடி பிறந்தது. வத்தல் விலை ஏறத் தொடங்கியது. எண்பது, தொண்ணூறு, நூறு. பெத்தணன் வீட்டில் விற்றுப்போன முப்பது மூட்டையும் அவர் கண் முன்னாலேயே அடுக்காக இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"எவனோ ஒரு கொள்ளைக்காரன்" என்றார் கஞ்சி குடிக்கையில். "உக்காந்த இடத்துல சம்பாதிக்கான் பாரு. அவன் விளங்குவானா?"

"யாரு எவுகன்னு தெரியாம ஏசாதீக" என்றாள் முத்துப்பேச்சி. "அவுக வீட்டுல என்ன தேவையோ."

ஒருநாள் சாயங்காலம் எதிர்பாராத மழை. கூரை ஒழுகிற்று. பெத்தணன் தன்னுடைய ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து மூட்டைகளின் மேல் விரித்தார்.

"அந்த ஓரத்தையும் நல்லா மூடுங்க" என்று முத்துப்பேச்சி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

"யாரு சரக்குக்கோ நான் காவல் காக்கணும்னு தலையெழுத்து" என்று புலம்பிக்கொண்டே மூடினார்.

நூற்றுப்பத்தில் விலை நின்றது. சங்கிலிமுத்து லாரியோடு வந்து, மிச்சப் பணத்தைக் கொடுத்து, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு முத்துப்பேச்சிக்கும் விருதுநகரில் ஏதோ வேலை இருந்தது. பொழுது சாய வந்தவள், முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அவளுடைய ஆத்தா காதில் போட்டிருந்த தங்கப் பாம்படம்.

"இது எதுக்கு வெளியே போச்சு?" என்றார் பெத்தணன்.

"அடகுக் கடையில இருந்துச்சு. திருப்பிட்டு வாறேன்."

"நீ எதுக்குப் புள்ள அடகு வச்ச?"

"பெறகு உங்க வத்தலுக்கு அச்சாரம் குடுக்க நான் எங்கன போக?"

பெத்தணனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. பாம்படத்தை வைத்து வாங்கிய பணத்தைத் தரகர் கையில் கொடுத்து இவரிடமே அனுப்பியிருக்கிறாள். தரகர் சரக்கை நூற்றுப்பத்துக்கு விற்று, இவருக்கு எண்பத்தேழைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அவளிடம் சேர்த்திருக்கிறார். கொள்ளைக்காரன் இத்தனை நாளும் இவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஹாஸ்டலுக்கு ஒரு வருஷத்துக்கு ஆச்சு" என்றாள் அவள். "அந்த ரெண்டு ரூவாயை மட்டும் எங்கிட்டயே அடிச்சிருக்க வேண்டாம். அம்புட்டு இறுக்கம் ஆகாதுங்க."

பெத்தணன் காலியான மூலையைப் பார்த்தார். அங்கே ஜமுக்காளம் மட்டும் மடிந்து கிடந்தது.

"ஏ புள்ள, விலை ஏறும்னு உனக்கு எப்படித் தெரியும்? வத்தல் பேட்டைப் பக்கமே போனதில்லையே நீ."

"மார்க்கெட்டு நிலவரம் எனக்கு என்னங்க தெரியும்? உங்க நிலவரம் தெரியும். பதினெட்டு வருஷமாப் பாக்கிறேன். நீங்க வித்த மறுமாசம் ஏறாத வருஷம் உண்டா?"

பெத்தணன் ஜமுக்காளத்தை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"ஸ்டேஷன் பக்கத்து இடம் பெறாதுன்னீக. சிவகாசி அச்சாபீஸ் பெறாதுன்னீக. காலேஜும் பெறாதுன்னு நீங்க சொன்ன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அங்கனதான் சேக்கிறதுன்னு."

அவள் குரலில் கேலி இல்லை. பாம்படத்தைப் பெட்டிக்குள் வைக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மோர் ஒரு செம்பு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மகள் இல்லாத வீட்டில் அந்த நேரத்துக்குப் பேப்பர் வாசிக்கிற குரல் இல்லை. பெத்தணன் மோரைக் குடித்தார். அந்த ஜன்னலும், கரும்பலகையில் எழுதியதை அழித்த அந்தக் கையும் நினைவுக்கு வந்தன. தான் ஒரு தரமாவது எதையாவது அப்படி அழித்திருக்கிறோமா என்று யோசித்தார். இப்போதாவது அழித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

"நான் சொன்னது தப்புத்தான் புள்ள" என்றார். "நான் மூட்டையோட அடிவரைக்கும் போய்ப் பாத்துட்டேன். சொக்கத் தங்கமான காலேஜு. இனிமே அந்தக் காலேஜுக்கு ஏறுமுகம்தான். பி.ஏ. வரைக்கும் அங்கனயே படிக்கட்டும். நான் சொல்றேன், எழுதி வச்சுக்கோ."

பெட்டியைப் பூட்டப் போன முத்துப்பேச்சியின் கை நின்றது.

"நல்ல காலேஜுன்னு நீங்களே சொல்லிட்டீகளா?" என்று கேட்டாள். அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "இப்பத்தாங்க எனக்குப் பயமா இருக்கு."