டெல்மரின் விசேஷ அனுமதி

“இன்னும் மூணே நாள்ல ஞாயித்துக்கிழமை. கையில பேப்பர் இல்ல. இப்ப என்னடா பண்றது?” என்று கேட்டார் டெல்மர்.

ராய்ஸ் டோனட்டைக் காப்பியில் முக்கி, சொட்டாமல் வாயில் போட்டுக்கொண்டார். ஹாலோவே விமானத் தளத்தில் மெக்கானிக்கும் அவர்தான், பெட்ரோல் போடுகிறவரும் அவர்தான். ஊரிலிருந்த ஒன்பது விமானிகளுக்கும் சம்பளமில்லாத வக்கீலும் அவரே.

டெல்மருக்கு எழுபத்தொரு வயது. மூன்று வருடத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் விமானம் ஓட்ட, ஓக்லஹோமாவிலிருக்கும் மத்திய விமானத் துறை அலுவலகம் விசேஷ அனுமதி என்று ஒன்று தரும். அதற்கு ஆயுசு ஒரே வருடம். வருடா வருடம் ட்ரெட்மில்லில் ஓடி, நெஞ்சின் ஈசிஜி கோடுகளை அனுப்பி, புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த மார்ச்சில் பசுக்கள் கன்று போட்ட அமளியில் டெல்மர் ஓட மறந்துபோனார். அனுமதி நேற்றோடு காலாவதி.

தனக்காக என்றால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். ஸ்டென்ட் வைத்த புதிதில் இரண்டு மாதம் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தவர்தான். விமானத்தை விற்றுவிடு என்று ராய்ஸிடம் சொல்லியும் விட்டார். அப்போதுதான் மனைவி ஆர்டித்தின் அக்கா லவோன், ஸ்காட்ஸ்பிளஃப் முதியோர் இல்லத்திலிருந்து ஃபோனில் அழுதாள். ‘ஞாயித்துக்கிழமை தோறும் என் தங்கச்சியைப் பார்க்கலேன்னா செத்துடுவேன், டெல்மர்’ என்றாள். காரில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். விமானத்தில் ஒன்றேகால் மணி. டெல்மர் எழுந்தார், ட்ரெட்மில்லில் ஓடினார், அனுமதி வாங்கினார். மூன்று வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை.

“மறுபடியும் விண்ணப்பம் போட்டுடட்டுமா? நாளைக்கு விமானத் துறையோட மத்திய டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்” என்றார் டெல்மர்.

ராய்ஸின் கை பாதியில் நின்றது. “போட்டுட்டியா?”

“கம்ப்யூட்டர்ல எல்லாம் அடிச்சாச்சு. ஒரு நம்பர் குடுத்திருக்கு.”

“அந்த நம்பரை அவர் கையில குடுக்காதே. குடுத்தாத்தான் அது விண்ணப்பம். அவர் ஓக்லஹோமாவுக்குத் தள்ளிவிடுவார், அவங்க நாலு மாசம் வச்சிருந்து ‘கிடையாது’ன்னு எழுதினா மத்த கதவும் மூடிடும். காலாவதின்னா ஒண்ணும் கெட்டுப்போகல. மறுத்தாங்கன்னாத்தான் கெட்டது.”

“மத்த கதவுன்னா?”

“இன்ஜின் இல்லாத கிளைடருக்கு டாக்டர் பேப்பரே வேண்டாம்.”

“கிளைடர்ல ஸ்காட்ஸ்பிளஃப் போயி எப்படிடா திரும்பி வர்றது?”

“அதுவும் சரிதான். ரெண்டு சீட்டு வச்ச குட்டி விமானம்னா கார் லைசன்ஸே போதும். ஆனா உன்கிட்ட இருக்கிறது நாலு சீட்டு. அதனால மூணாவது வழி: நம்ம ஊர் டாக்டரம்மா ஒரு படிவத்துல கையெழுத்துப் போடணும், நீ கம்ப்யூட்டர்ல ஒரு பாடம் படிக்கணும், கார் லைசன்ஸ் இருக்கணும். விசேஷ அனுமதி ஒரு தடவை வாங்கினவனுக்கு இது செல்லும். நாலு வருஷத்துக்கு யாரும் உன்னைக் கேட்க மாட்டாங்க.”

டெல்மர் அங்கேயே மத்திய டாக்டருக்கு ஃபோன் போட்டு நேரத்தை ரத்து செய்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. பாடத்தை அன்று மாலையே படித்து முடித்தார். ஆர்டித்திடம் மூச்சு விடவில்லை. பாவம், அக்காவை நினைத்துக் கலங்குவாள்.

வெள்ளிக்கிழமை காலை ஊர் டாக்டரம்மா ஹ்ரூசா படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். நாடி பார்த்தாள், முழங்காலைத் தட்டினாள், ட்ரெட்மில்லில் ஓடவிட்டாள். டெல்மர் லவோனை நினைத்துக்கொண்டே ஓடினார்.

“நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. கையெழுத்துப் போட்டுடறேன். கார் லைசன்ஸ் நம்பர் சொல்லுங்க.”

டெல்மர் பர்ஸைத் திறந்தார். லைசன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன?”

“என் பிறந்தநாளோட முடிஞ்சுபோச்சு. மூணு வாரம் ஆச்சு.”

“அது என்ன பெரிய விஷயம்? கோர்ட் கட்டடத்துல இருக்கிற லைசன்ஸ் ஆபீஸ்ல அரை மணி நேர வேலை. புதுப்பிச்சுட்டு வாங்க, அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்.”

அரை மணி நேர வேலைதான், வேறு யாருக்காவது என்றால். ஐம்பது வருடம் விமானம் ஓட்டிய கைக்கு ஒரு பழக்கம் உண்டு. மத்திய படிவத்தில் எதையும் மறைக்கக் கூடாது. ஆயுசில் ஒரு முறை தலை சுற்றியிருந்தாலும் எழுத வேண்டும், மறைத்தால் குற்றம். பக்கத்து ஊரில் ஒருவன் முதுகுவலியை மறைத்துப் பறக்கும் உரிமையையே இழந்த கதையை விமானத் தளத்தில் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். எனவே கார் லைசன்ஸ் படிவத்தில் ‘நினைவிழந்ததுண்டா?’ என்ற கேள்வியைக் கண்டதும் டெல்மர் கவுன்ட்டரிலிருந்த ட்ரீனாவிடம் கூடுதல் தாள் கேட்டார்.

1974: ரத்த தானம், ஊசியைப் பார்த்ததும் மயக்கம். 1981: மைத்துனன் கல்யாணம், தேவாலயத்தில், ஜூலை வெயில். 1990: மாடு உதைத்தது. 2009: பல் டாக்டர் நாற்காலி, மயக்கமில்லை, ஆனால் கிட்டத்தட்ட.

ட்ரீனா வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். “ஐயா, கடைசி மூணு மாசத்துலன்னுதானே கேட்டிருக்கு.”

“கேட்டது அது. நடந்தது இது.”

“இது ‘ஆம்’னு இருந்தா டாக்டர் கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போய்த் திரும்புற வரைக்கும் நான் லைசன்ஸ் தர முடியாது. ஆறு வாரம் ஆகும். இந்தாங்க புதுப் படிவம். பழசைக் கிழிச்சுப் போட்டுடுங்க. நான் எதையும் பார்க்கல.”

டெல்மர் புதுப் படிவத்தைத் தொடக்கூட இல்லை. “கையெழுத்துப் போட்டதைக் கிழிக்கிறதா? அம்மா, அது பொய் சொன்னதாயிடும்.”

ட்ரீனா பெருமூச்சு விட்டு முத்திரை குத்தினாள். பிறகு ஏதோ உறைத்தது போலக் கேட்டாள். “இங்க எப்படி வந்தீங்க?”

“என் பிக்கப் வண்டியில.”

“மூணு வாரமா லைசன்ஸ் இல்லாம?”

பக்கத்து ஜன்னலில் நின்ற போலீஸ்காரர், ஷெரிஃபின் உதவியாளர், மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

“அதையும் எழுதணுமா?” என்று டெல்மர் கவலையோடு பேனாவை எடுத்தார்.

வானத்தில் பறக்க வழி தேடிப் போனவர், தரையில் ஓட்டவும் வழியில்லாமல் கோர்ட் வாசல் படியில் உட்கார்ந்தார். வேறு வழியின்றி ஆர்டித்தைக் கூப்பிட்டார். அவள் வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஆர்டித்தின் முகம் வெளுத்தது. “இனிமே பறக்கவே முடியாதா?”

“ஆறு வாரம். ஒருவேளை அதுக்கும் மேல.”

“அது வரைக்கும் என்ன பண்ணுவீங்க?”

“நான் கிடக்கட்டும். லவோனை நினைச்சாத்தான்…” ஆர்டித் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை அவள்தான் ஓட்டினாள். டெல்மர் ஒவ்வொரு சந்திப்பிலும் குனிந்து பார்த்து, “வலது பக்கம் காலி” என்றார்.

“எனக்கும் கண்ணு இருக்கு, டெல்மர்.”

மணல்மேடுகளுக்கு மேலே வானம் மேகமே இல்லாமல் கிடந்தது. காற்றும் இல்லை. இந்த மாதிரி ஒரு நாள் மார்ச்சில் கிடைப்பதே அபூர்வம். அவர் அதை ஒரு தடவை பார்த்தார், பிறகு தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு கிழவராகத் தெரிந்ததில்லை.

முதியோர் இல்லத்தில் லவோன் உதட்டுச் சாயம் பூசி, முடியை வாரிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதம். டெல்மர் தொப்பியைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் முன் நின்றார்.

“லவோன், என்னை மன்னிச்சுடுங்க. பேப்பர் போயிடுச்சு, கார் லைசன்ஸும் போயிடுச்சு. எல்லாம் என் தப்பு. ஆர்டித்தை இனிமே வாரா வாரம் கூட்டிட்டு வர முடியாது. நீங்க இதை எப்படித் தாங்கப்போறீங்கன்னு எனக்குத் தெரியல.”

அவர் கண் நிறைந்துவிட்டது. ஆர்டித் அக்காவைப் பார்த்து அவசரமாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பது போல.

லவோன் அதைக் கவனிக்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

“அப்போ மூணு வருஷம் கழிச்சு இன்னைக்காவது நான் ஞாயித்துக்கிழமைச் சீட்டாட்டத்துக்குப் போகலாமா, ஆர்டித்? இல்ல, இவரை அந்தச் சாய்வு நாற்காலியிலேர்ந்து எழுப்புறதுக்கு மறுபடியும் நான் ஃபோன்ல அழணுமா?”