அம்மிக்குழவியும் ஒரு ஜோடி ஷூவும்

வெட்கம் அதிகம் உள்ளவர்கள் எந்தக் காரியத்தையும் ரகசியமாகச் செய்யக் கூடாது. செய்தால், ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்கும்படிதான் அது முடியும். என்னை நம்பலாம். காலில் ஷூவும் முதுகில் அம்மிக்குழவியுமாக எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் மல்லாந்து கிடந்தவள் நான்.

சுசீந்திரம் பக்கத்தில் வயல்காட்டு ஊர் எங்களுடையது. வயலில் நின்று நிமிர்ந்தால் வடக்கே மலை தெரியும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாற்று நடும்போதெல்லாம், இடுப்பு வலிக்கும்போது நிமிர்ந்து அந்த மலையைப் பார்ப்பேன். உள்ளே போனதில்லை. யார் கூப்பிட்டார்கள்? (நானும் கேட்டதில்லை. கடையில் உளுந்து கேட்கவே எனக்குக் கூச்சம்.)

குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் சுதா லீவில் வந்தாள். கூடப் படித்தவர்களோடு கீரிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் நடந்து போக ஏற்பாடு செய்தாள். வனத்துறை அனுமதியும் வாங்கியாயிற்று. மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "நீயும் வாறியாம்மா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தாள்.

"வாறேன்" என்றேன்.

சுதா திகைத்தாள். வீட்டுக்காரர் சோற்று உருண்டையை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். எனக்கே ஆச்சரியம்தான்.

"மாடியில வத்தல் காயப்போட்டுட்டு வந்தாலே புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுவ. நீயாக்கும் மலை ஏறப் போற?" என்றார் அவர்.

"அங்க வழின்னு ஒண்ணும் கெடையாதும்மா. பாறையும் வேருமாத்தான் கெடக்கும். அவங்கவங்க பைய அவங்கவங்கதான் தூக்கணும்" என்றாள் சுதா. "சின்னதா ஒரு தலைசுத்தல் வந்தாலும் உன்னக் கூட்டிட்டுப் போவ மாட்டேன், கேட்டியா?"

தலையை ஆட்டினேன். அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. சந்தோஷத்தில்தான்!

நாகர்கோவிலில் ஷூ வாங்கித் தந்தாள். என் வாழ்நாளில் முதல் ஷூ. சேலைக்குள் மறைத்துப் போட்டுக்கொண்டு அடுக்களையில் நடந்து பார்த்தேன். சிமெண்டுத் தரை மெத்தை மாதிரி ஆகிவிட்டது. தாகமே இல்லாமல் பானைக்கும் அடுப்புக்குமாகப் போய்ப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

நடந்து பழக வேண்டுமே? பகலில் ஷூவோடு தெருவில் இறங்கினால் மானம் போகும். விடிவதற்கு முன்னால் குளத்தங்கரையைச் சுற்றுவது என்று முடிவு செய்தேன். சுதாவின் பழைய ஸ்கூல் பை கிடந்தது. அதில் கனத்துக்கு என்ன வைக்க? அரிசி வைத்தேன், வழியெல்லாம் சிந்தியது. தண்ணீர்ப் பாட்டில் வைத்தேன், முதுகெல்லாம் நனைந்தது. அப்போது கண்ணில் பட்டது அம்மிக்குழவி. மிக்ஸி வந்த நாள் முதல் சும்மாதானே கிடக்கிறது? துண்டில் சுற்றிப் பையில் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

முதல் நாள் பாதிக் குளத்திலேயே நாக்குத் தள்ளியது. போகப் போகக் கால் தானாக நடந்தது. வடக்கே மலை லேசாக வெளுக்கும்போது, "இதோ வாறேன்" என்று அதனிடம் சொல்லிக்கொள்வேன். (மலையிடம் பேச எனக்கு வெட்கமில்லை.)

இந்த நேரத்தில்தான் தங்கம் மைனி ஆலோசனை சொன்னாள். மைனி என் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து வீடு. காட்டுக்குப் போனதில்லை. ஆனால் காட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாததும் இல்லை.

"ஏட்டி, அங்க அட்டை கெடக்கும். புகையிலைய வெள்ளத்துல நனைச்சு காலுல சுத்திக் கட்டு. அட்டை என்ன, ஆனையே கிட்ட வராது."

கிளம்புவதற்கு முந்தைய இரவு வீட்டுக்காரர் திடீரென்று, "வேண்டாம், நீ போவாண்டாம். விழுந்து கையக் கால ஒடிச்சா யாரு பாப்பா?" என்று சத்தம் போட்டார். நான் சாப்பிடாமல் படுத்தேன். விடியுமுன் எழுந்து, எதற்கும் புகையிலையையும் பழகிக்கொள்வோம் என்று ஈரப் புகையிலையை இரண்டு காலிலும் சுற்றி, மேலே சாக்ஸை இழுத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வெற்றிலைக்குக்கூடப் புகையிலை சேர்க்காதவள் நான்.

குளத்தைப் பாதி சுற்றியதும் குளம் என்னைச் சுற்றத் தொடங்கியது. குப்பென்று வியர்த்தது. குமட்டியது. உட்காரலாம் என்று குனிந்தேன். குழவி பின்னால் இழுத்தது. கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி ஆனேன்.

குளத்துக்குள் காற்றடைத்த லாரி டியூபில் மிதந்தபடி தாமரை பறித்துக்கொண்டிருந்த ராசாமணி அண்ணன் பாய்ந்து வந்தார். பையைக் கழற்றினார். குழவி உருண்டு வெளியே வந்தது. அவர் குழவியைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஐயோ, ஓடி வாங்க மக்கா! கல்லக் கெட்டிட்டு சாவ வந்திருக்கா!"

பிறகு கேட்கவா வேண்டும்? பாதி ஊர் கரையில். வீட்டுக்காரர் வாயில் பல்துலக்கிய நுரையோடு ஓடி வந்தார். அவருக்கு முன்னால் தங்கம் மைனி.

"ஏலே, அவள என்னலே செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யலக்கா!"

"மலைக்குப் போவாண்டாம்னு நீ ராவுல போட்ட சத்தம் என் வீட்டுல கேட்டுதே! பாவம், வாயில்லாப் பூச்சி. சோறும் திங்காமப் படுத்திருக்கா!"

"போட்டும்க்கா, போட்டும்!" அவர் குரல் உடைந்தது. "இமயமலைக்கே போட்டும்! உயிரோட இருந்தாப் போதும்!"

யோசித்துப் பாருங்கள். நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தால் போதும், அனுமதி கையில். உண்மையைச் சொன்னால் தலைசுற்றலும் வெளியே வரும், சுதா விட்டுவிட்டுப் போய்விடுவாள். ஆனால் அந்த மனிதர் நுரை வழிய, ஊரே திட்ட, பச்சைப்பிள்ளை மாதிரி நின்றார்.

"நான் சாக வரல்ல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"நான் சாக வரல்ல! மலை ஏறப் பழக வந்தேன்!"

சுசீந்திரம் கோயில் யானைக்கே கேட்டிருக்கும். அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

சுதா வந்து என் சாக்ஸை உருட்டினாள். புகையிலை தெரிந்தது. "இத யாரு கட்டச் சொன்னா?"

நான் மைனியைப் பார்த்தேன். மைனி தாமரையைப் பார்த்தாள்.

"ஈரப் புகையிலை தோல் வழியா உள்ள போனா, பயில்வானுக்கும் தலை சுத்தும்மா." சொல்லிக்கொண்டே குழவியைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் கீழே வைத்தாள். "இதத் தூக்கிட்டா குளத்தச் சுத்துன? தெனமுமா?"

"தெனமும்தான்."

"மூச்சு வாங்கலியா?"

"மொதல்ல வாங்கிச்சு. இப்ப இல்ல."

சுதா என் சேலையில் கையைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "அப்பா, அம்மா நாளைக்கு வாறா."

அன்றைக்கே கிளம்ப வேண்டிய பயணத்தை ஒரு நாள் தள்ளிவைத்து, என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். அட்டை கடித்தது. உப்பை வைத்தோம், உதிர்ந்தது. மேலே போகப் போக அவள் சிநேகிதி ஒருத்தியின் பையையும் நான்தான் தூக்கினேன். குழவிக்கு முன்னால் அதெல்லாம் பஞ்சு.

இன்றும் நான் பையோடு குளத்தங்கரையில் போனால் ராசாமணி அண்ணன் தாமரையை விட்டுவிட்டு டியூபைக் கரைக்குத் தள்ளுகிறார். குவைத்திலிருந்து சுதா கூப்பிட்டால், சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால், "அப்பா, கொழவி வீட்டுல இருக்கா?" என்றுதான் கேட்பாள்.

போன வாரம் விடியற்காலையில் அவள் கூப்பிட்டபோது நான் வீட்டுக்குள் இல்லை. மருத்துவாழ்மலைக்குப் போக, வாசலுக்கு வெளியே குனிந்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் பேசுவது கேட்டது.

"கொழவி இங்கதான் கெடக்கு மக்களே. ஷூவத்தான் காணல்ல."