கவசம் போட்ட ஜீப்பும் கல்யாணப் பேச்சும்

காதலிப்பவனுக்கு வண்டி இரவல் கொடுக்கக் கூடாது. அவன் கவிதையும் எழுதுகிறவன் என்றால் சைக்கிள்கூடக் கூடாது.

பாறசாலையில் எங்கள் கிளப், ஓண ஊர்வலத்துக்கு ராணுவக் கவச வண்டி போல அலங்கார வண்டி ஒன்றை இறக்குவதாக முடிவெடுத்தது. நான் காதலித்த ஜெசியின் அப்பா பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றைச் செல்லப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார். அதைக் கேட்டேன். (ஜெசியை ஏற்கெனவே கேட்டிருந்தேன், பதில்தான் வரவில்லை.)

"வண்டிய எப்படித் திருப்பிக் கொண்டு வாறன்னு பாத்துட்டு மத்தத பேசுவோம்," என்றார்.

பக்கத்து ஊர்க்காரர்கள் தெர்மாக்கோலில் டாங்கி செய்தார்கள். எனக்கு அது தேசத்துரோகமாகப் பட்டது. நிஜ இரும்புத் தகடுகளைப் பக்கங்களிலும் முன்னாலும் கூரைமேலும் போல்ட் போட்டு முடுக்கச் சொன்னேன். வெளியே பார்ப்பதற்கு ஒரு கீற்று இடைவெளி மட்டும்.

"எலே, வண்டி குந்திப்போச்சு பாரு. ஸ்பிரிங் தாங்காது," என்றான் தகடு முடுக்கிய வெல்டிங் கடை சுகு.

"பாரம் கூடினா பிடிப்பும் கூடும்," என்றேன். (இயற்பியலில் நான் தேறியது இன்றும் சர்ச்சைக்குரியது.)

தார்ரோட்டில் ஜீப் யானை போல அசைந்தது. பிரேக் பிடித்தால் யோசித்துவிட்டு நின்றது. நெரிசலைத் தவிர்க்கக் கொல்லயில் ஊர்ப் பக்கமுள்ள வயல்வழியில் திருப்பினேன். முந்தின நாள் நல்ல மழை. மேட்டில் கூரைப்பாரம் ஒருபக்கம் சாய்த்தது. இறக்கத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். ஜீப் அதைப் பொருட்படுத்தாமல் நேரே போய், அந்தி அடங்குவதுபோல மெல்ல, மிக மெல்லச் சேற்றுக்குள் இறங்கியது. தகடு மண்ணில் முட்டியதால் கதவு திறக்கவில்லை. எதிரிகள் யாரும் என்னை நெருங்க முடியாது.

கீற்று வழியே பார்த்தேன். ரோட்டில் தெர்மாக்கோல் டாங்கி, கைவண்டியில், செண்டை மேளத்தோடு போனது. வரப்பில் ஜெசியும் அவள் அப்பாவும் வந்துகொண்டிருந்தார்கள். என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன், ஆரம்பிக்காமலே.

"மக்கா, உயிரு உண்டா?"

"உண்டு மாமா."

"கவசம் போட்டா ஸ்பிரிங்கையும் டயரையும் சேத்து மாத்தணுமாக்கும். பட்டாளத்துல நாங்க..."

"அப்பா, மொதல்ல ஆள எடுப்போம். பொறவு பட்டாளம்," என்றாள் ஜெசி.

அப்பாவிடம் ஸ்பேனர் வாங்கித் தகடுகளைக் கழற்றியவள் அவள்தான். ஒவ்வொன்றும் இறங்க இறங்க ஜீப் முதுகு நிமிர்த்தியது. என்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு, சின்ன கியரில் அலுங்காமல் கரையேற்றினாள்.

மாமா அவளைப் பார்த்தார். சேற்றோடு என்னையும் பார்த்தார்.

"செரி. இவ கூட இருந்தா நீ பிழைச்சுக்கிடுவ."

இன்று அவருக்கு மூன்று மருமகன்கள். விருந்தாளிகள் வந்தால் ஒருவரை எஞ்சினியர் என்பார், ஒருவரை வக்கீல் என்பார். என் முறை வரும்போது மட்டும், "இது ஜெசி வயல்ல இருந்து எடுத்ததாக்கும்," என்பார்.