கண்டிஷன் அக்காவின் விசா

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டே ஆஸ்திரேலியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த ஒரே ஜீவன் எங்கள் கண்டிஷன் அக்காதான். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அவ்வளவு பயபக்தியோடு நடந்திருக்க மாட்டார்கள்.

மெடிக்கல் காலேஜ் ரோட்டை ஒட்டிய பெண்கள் விடுதியில் நானும் அக்காவும் ஒரே அறை. நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலையில் இருந்தேன். அக்கா ஒரு மெட்ரிக் பள்ளியில் தமிழ் டீச்சர். அதிராம்பட்டினம் பக்கம் மீனவக் குடும்பம், அப்பாவுக்குச் சொந்தப் படகு. வீட்டில் மும்முரமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், அக்கா போனில் எதையோ தேடப்போய் அந்த விசாவைக் கண்டுபிடித்தாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஓடி வந்தாள்.

“ஊர் சுத்தறதுக்கு கவர்மெண்டே விசா குடுக்குதுடி. ஒரு வருஷம். செலவுக்கு நடுவுல வேலையும் பார்த்துக்கலாமாம்.”

“போய் என்ன வேலைக்கா பார்ப்பீங்க?”

“பழம் பறிப்பேன். சனிக்கிழமை அங்க இருக்கற தமிழ்ப் பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுப்பேன். மிச்ச நேரமெல்லாம் சுத்துவேன்.”

இதில் இரண்டு சிக்கல். நம் நாட்டுக்காரர்களுக்கு அது குலுக்கலில்தான் கிடைக்கும். அதோடு, முப்பத்தொரு வயது பிறந்துவிட்டால் குலுக்கலிலேயே பெயர் கொடுக்க முடியாது. அக்காவுக்கு முப்பது ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு குலுக்கல்தான், அதை விட்டால் இல்லை.

வேறு யாராவது என்றால் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அக்கா, கிடைக்கப்போகிற விசாவின் கண்டிஷன்களை இப்போதே கடைப்பிடிக்க ஆரம்பித்தாள். ‘பழகிக்கணும்டி’ என்பாள். முதல் கண்டிஷன், ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிற நேரத்தில் பள்ளித் தாளாளரிடம் போய் நின்றாள்.

“சார், ஆறு மாசம் ஆயிடுச்சுங்க. அதுக்கு மேல ஒரே முதலாளிகிட்ட இருக்கக் கூடாதுங்க. நான் கிளம்பறேன்.”

தாளாளர் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. “சம்பளம் பத்தலைன்னா நேராவே சொல்லுங்க டீச்சர். ஏத்திடறேன்.”

“நான் சம்பளமே கேக்கலைங்க சார்.”

“புரியுது டீச்சர். இன்னும் கொஞ்சம் சேர்த்தே ஏத்திடறேன்.”

மறுநாள் அந்தப் பள்ளியின் டீச்சர்கள் முக்கால்வாசிப் பேர் அக்காவைச் சூழ்ந்துகொண்டு ஆஸ்திரேலியாவைப் பற்றி விசாரித்தார்கள். கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. தாளாளரின் மனைவி பார்த்துக்கொண்டிருந்த வல்லம் கிளைக்கு அக்கா மாறிக்கொண்டாள். “முதலாளி வேற ஆளுதானே,” என்றாள் என்னிடம், மனசாட்சி சுத்தமாக.

அடுத்த கண்டிஷன், நாலு மாதத்துக்கு மேல் படிக்கக் கூடாது. அக்கா போய்க்கொண்டிருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆறு மாதம். நாலு முடிந்ததும் மாஸ்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ‘நான் போயிருந்தால்’ என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்கிற பாடம் ஐந்தாம் மாதத்தில் வருவதாம். அது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

பழம் பறிக்கும் பயிற்சிக்கு ஒரத்தநாடு பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டாள். எங்களுக்கு இருப்பது நெல் வயல், அறுப்பெல்லாம் மெஷின். பழம் என்று பார்த்தால் போர்செட் பக்கத்தில் ஒரே ஒரு கொய்யா மரம். அக்கா கழுத்தில் பக்கெட்டை மாட்டிக்கொண்டு, போனில் டைமரை வைத்துவிட்டு மரத்தில் ஏறினாள். அப்பா வந்து பார்த்தபோது மரத்தில் இலை மட்டும் மிச்சம் இருந்தது.

“ஏம்மா, பிஞ்சையெல்லாம் ஏம்மா பறிக்கிற?”

“வேகந்தாங்கப்பா முக்கியம். பழுத்துச்சா இல்லையான்னு முதலாளி பார்த்துக்குவாரு.”

“முதலாளி நான்தாம்மா,” என்றார் அப்பா.

பாடம் சொல்லிக் கொடுக்கிற விஷயத்தையும் அக்கா விசாரித்து வைத்திருந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சராக அந்த ஊர்ப் பதிவு வேண்டும்; அது நடக்காது. தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற சனிக்கிழமை வகுப்பில் உதவலாம். ஆனால் பிள்ளைகளோடு பழகுவதற்கே தனியாக ஒரு அனுமதி வாங்க வேண்டும். இதைக் கேட்ட விடுதி வார்டன் அம்மா, “பிள்ளைங்ககிட்ட பேசறதுக்குமா?” என்று வாயைப் பிளந்துவிட்டார்.

குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கிற நாளில் அக்கா என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். “ஒத்தையா போட பயமா இருக்குடி. துணைக்கு நீயும் போடு,” என்றாள். எப்போதோ சிங்கப்பூர் வேலைக்காக எடுத்து, அது நடக்காமல் சும்மா கிடந்த பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. துணைக்குப் போட்டேன்.

துணைக்குப் போட்டவளுக்கு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரி கவுண்டரில், ஒருவருக்கு ஸ்கேன் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மெயில் வந்தது. சாயங்காலம் வரை எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. குலுக்கல் தவணை தவணையாக நடப்பது; அக்காவுக்கும் வரலாம், அது முடிகிற வரை சொல்லாமல் பொறுத்துப் பார்க்கலாம் என்றெல்லாம் தோன்றியது. அறைக்குள் நுழைந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்கா என் போனை வாங்கிப் படித்தாள். பாத்ரூமுக்குள் போனாள். குழாய் வெகு நேரம் ஓடியது. ஈர முகத்தோடு வெளியே வந்தாள்.

“பாஸ்போர்ட்ட எங்க வச்சிருக்க?”

“நான் போகலைக்கா. எனக்கு எதுக்கு?”

“உனக்கு எதுக்குன்னு எனக்கும் தெரியலைடி. ஆனா உன் பேருக்கு வந்தத நான் எடுத்துக்கக் கூடாதுன்னு கண்டிஷன் இருக்கு. இல்லைன்னா எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன். அதனால நீ போற.”

அதன் பிறகு குலுக்கல் முடிந்தது, அக்காவுக்கு முப்பத்தொன்று பிறந்தது, நானும் கிளம்பினேன். கிளம்புவதற்குள் என்னையும் கொய்யா மரத்தில் ஏற்றிவிட்டாள். “அது காய்க்கவாவது விடுங்கம்மா,” என்றார் அப்பா.

அங்கே போய் ஆரஞ்சு பறித்தேன், திராட்சை பறித்தேன். அனுமதி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வகுப்பிலும் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, தொண்டுதான். பில் போடத் தெரிந்தவளுக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை. பிள்ளைகள் என் தலையில் ஏறி உட்கார்ந்தார்கள். இந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள்.

“மூணு வாரம் வரேன்டி. டூரிஸ்ட் விசா. அதுக்கு வயசு வரம்பு கிடையாது.”

விமான நிலையத்தில் எல்லாரும் வெளியே வந்து வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். பெட்டியில் இருந்த நெத்திலிக் கருவாட்டை அவளே எடுத்து அதிகாரியிடம் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு ‘கொண்டு போங்க’ என்று சொன்ன பிறகும், ‘இன்னொரு தடவை நல்லா பார்த்துடுங்க’ என்று நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும், “அக்கா, இந்த வெங்காயத்த நறுக்கித் தாங்களேன்,” என்றேன்.

“வேலை பார்க்கக் கூடாதுன்னு விசாவுல போட்டிருக்கு.”

“வீட்டு வேலைதானேக்கா.”

“வேலைன்னு போட்டிருக்கு. வீட்டு வேலை பரவாயில்லைன்னு போடலையே.”

தட்டைக்கூடக் கழுவவில்லை. என்னோடு தங்கியிருந்த நேபாளத்துப் பெண், “இவங்க உன் மாமியாரா?” என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

சனிக்கிழமை வகுப்புக்கு அழைத்துப் போனேன். கடைசி பெஞ்சில் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு ல, ள பாடம். நான் சொல்லச் சொல்ல பிள்ளைகள் பேப்பர் ராக்கெட் விட்டார்கள். எது எங்கே வரும் என்று ஒரு பெண் கேட்டதற்கு, “மனப்பாடம் பண்ணிக்கணும்,” என்றேன். பின்னாலிருந்து அக்கா முனகுவது கேட்டது. நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“நீங்களே வந்து நடத்துங்கக்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“சொல்லிக் குடுத்தா வேலைடி,” என்றாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஆனா டூரிஸ்ட் விசாவுல மூணு மாசம் வரைக்கும் படிக்கலாம்.”

நான் பலகைக்குத் திரும்பியதும் அக்கா கையைத் தூக்கினாள். “டீச்சர், ஒரு சந்தேகம். எங்கப்பா தினம் வளைய எடுத்துக்கிட்டு மீன் பிடிக்கப் போவாரு. சரியா?”

முன் பெஞ்சுப் பெண் சட்டென்று திரும்பினாள். “வளைன்னா பேங்கிள். வலைதான் எடுத்துட்டுப் போகணும்.”

“அப்படியா? அப்ப வலையில என்ன மாட்டும், வாலை மீனா, வாளை மீனா?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அக்கா ஒவ்வொரு சொல்லாகத் தப்புத் தப்பாகச் சொன்னாள். புளி துரத்துது என்றாள், புலி போட்டுக் குழம்பு வைத்தேன் என்றாள். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று திருத்தினார்கள். அந்த வருஷம் முழுக்கத் தமிழில் வாயே திறக்காத ஒரு பையன் ஓடி வந்து, என் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கி, பலகையில் பெரிதாக ‘ளை’ எழுதிக் காட்டினான். கூட்டிப்போக வந்த பெற்றோர்கள் கதவருகே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பையன் அக்காவிடம் வந்தான். “பரவாயில்லை ஆன்ட்டி. அடுத்த வாரமும் வாங்க. சீக்கிரம் கத்துக்குவீங்க.”

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் அவளுக்கு. ரொம்ப தூரம் வந்த பிறகு, “நல்லா படிச்சேனாடி?” என்றாள்.

“நல்லா படிச்சீங்கக்கா.”

நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஊர் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை.