சாயாத வண்டி வேண்டாம் மச்சான்

நேமம், திருவனந்தபுரம்.

மரியாதைக்குரிய நேசையன் மச்சானுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய சத்தியதாஸ் வணக்கத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் சுகம். வண்டி மட்டும் ஜாக்கி மேலே நிற்கிறது. அங்கே உங்கள் முட்டுவலியும் அக்காவும் ஒருபோல சுகந்தானே?

விஷயம் சஸ்பென்ஷன். பதறாதீங்க, நீங்கள் ஆபீசில் வாங்கினீர்களே, அது இல்லை. இது வண்டிக்கு அடியில் இருப்பது. நம்ம பழைய பிக்கப்பை மகள் ஜினி புதுக்குகிறாள். கழக்கூட்டம் ஐடி பார்க்கில் கம்ப்யூட்டர் தட்டுகிறவளுக்கு, பொன்முடி மலை வளைவுகளில் அதைக் கார் போல வெட்டித் திருப்பணுமாம், அதற்கு ஹேண்ட்லிங் வேணுமாம். இத்தனை காலம் நான் ரெண்டு கையாலேயும்தான் ஓட்டினேன், அது போதாதாம். மெக்கானிக் ஷாஜி வந்து, பின்னால் ஒரு ஸ்பிரிங் பிளேட்டைக் குறைத்தால் குதிக்காது, ஷாக் அப்சார்பர் புதுசு போடலாம், ரப்பர் புஷ்ஷும் மாற்றலாம் என்றான். எல்லாத்துக்கும் தலையாட்டினேன். கடைசியில் வளைந்த கம்பி ஒன்றை எடுத்துக் காட்டி, "அண்ணாச்சி, இது இட்டா வண்டி ஒரு வளைவுலயும் சாயாது, கேட்டோ" என்றான். அதற்கு மட்டும் என் தலை ஆடவில்லை.

உங்களிடம் சொல்ல என்ன வெட்கம். கல்யாணம் கழிஞ்ச புதுசில், வாழைக்குலை ஏற்ற கல்லாற்றுக்குப் போனபோது செல்லபாயையும் கூட்டிப்போனேன், தங்கைக்குக் காவலாக நீங்களும் பின்னால் ஏறிக்கொண்டீர்கள், ஞாபகம் இருக்கா? வீட்டில் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காதவள், ஆற்றுக் காற்று அடிக்கிற அந்த ரோட்டில் இடது வளைவோ வலது வளைவோ, வண்டி சாய்ந்தால் வந்து என் தோளில்தான் விழுவாள். நீங்கள் பின்னாலிருந்து கேபினைத் தட்டி, "மெதுவாப் போவும் வே, குல சதையுது" என்று சத்தம் போடுவீர்கள். நான் எங்கே மெதுவாகப் போக? அப்புறம் எத்தனை நடை அப்படிப் போனோம். இப்போது ஜினியின் காரில் நான் முன்னால், செல்லபாய் பின்னால், மடியில் காய்கறிப் பை. எனக்கு மிச்சம் இருப்பது அந்தச் சாய்வு ஒன்றுதான் மச்சான், அதையும் கம்பி போட்டு நிமிர்த்தப் பார்க்கிறார்கள்.

ஜினி என் பேச்சைக் கேட்கமாட்டாள், மாமா சொன்னால் மறுபேச்சு இல்லை. சனிக்கிழமை ஷாஜி முறுக்குவதற்குள் அவளிடம் கம்பி வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் எதையாவது சொல்லுங்கள், இதைச் சொல்லிவிடாதீர்கள். போனில் பேசினால் செல்லபாய் காதில் விழும் என்றுதான் கடிதம்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், சனிக்கு முன்னே ஜினியிடம் பேசுகிற நல்ல புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
சத்தியதாஸ்

பி.கு: கவர் ஒட்டச் சோறு எடுக்கப் போன நேரத்தில் செல்லபாய் முழுசும் வாசித்துவிட்டாள். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "வண்டி வலத்தோட்டு வளைஞ்சா எடத்து சீட்டுல இருக்கவ எந்தப் பக்கம் விழுவா?" என்று கேட்டாள். சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கதவுப் பக்கம். "நான் எந்தப் பக்கம் விழுந்தேன்?" என்றுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ஜினியிடம் ஒன்றும் பேச வேண்டாம் மச்சான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ரெண்டு கம்பி போட ஷாஜியிடம் சொல்லியாச்சு.