மூடிக்குள் மாட்டிய கனெக்டர்

கனெக்டர் தேர்வாளர் என்று ஓர் இனம் உண்டு. கடையில் விற்கும் விளக்கை வாங்கி மாட்டுவதைக் கௌரவக் குறைவாக நினைத்து, மீன் தொட்டிக்குத் தன் கையாலேயே எல்.ஈ.டி. விளக்கு செய்யக் கிளம்பி, விளக்கையும் செய்து முடித்து, அதை மின்சாரத்தோடு சேர்க்கப்போகிற கட்டைவிரல் அளவுச் சாமான் எது என்ற ஒரே கேள்வியில் ஏழு மாதம் குடித்தனம் நடத்துபவர் அவர். அடையாளம் கண்டுபிடிப்பது எப்படி? வீட்டுக்குள் போனதும் தொட்டியைப் பாருங்கள். இருட்டாக இருக்கும்.

நெதர்லாந்தில் தெவென்தர் ஊர்க்காரர் ஹார்மென் நைலாண்ட் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. இவர்களுடைய முதல் சடங்கு, புதியது கைக்கு வருவதற்கு முன்பே பழையதைப் பிடுங்கிவிடுவது. மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், குறையில்லாமல் எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டுகளைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டுத்தான் ஹார்மென் யோசிக்கவே உட்கார்ந்தார். தொட்டித் தண்ணீருக்குள் வளரும் செடிகள் வாடக்கூடாதே என்று மனைவி தினெக்கெ படிக்க வைத்திருந்த விளக்கை எடுத்துவந்து, தொட்டியில் சோபா பக்கத்து மூலையில் நிறுத்தினார். இரண்டே நாள் என்றார். தினெக்கெயும் நம்பினாள்.

அதன் பிறகு சாப்பாட்டு மேசை அவர்களுக்குச் சொந்தமில்லை. முட்டை அட்டைகளின் குழிகளில் முட்டைக்குப் பதில் கனெக்டர்கள் உட்கார்ந்திருந்தன. ஒயர் மெல்லிசாக இருந்தால் மின்சாரம் போகிற வழியிலேயே களைத்துவிடும் என்று தடித்ததை வாங்கினார். தடித்தது கனெக்டரின் வாயில் நுழையவில்லை. வாய் பெரிய கனெக்டர் வாங்கினால் அதற்குள் ஒயர் ஆடியது. ஆடாமலிருக்க இன்னும் தடித்த ஒயர். கடைசியில் திருகி மூடுகிற ஒன்று அகப்பட்டது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்குமாம். தொட்டியின் ஆழமே அரை மீட்டர். இருந்தாலும் சும்மா விடுவாரா? பட்டாணி சூப் வைக்கிற பானையில் உப்புத்தண்ணீர் ஊற்றி, அதில் அதை நான்கு நாள் ஊறப்போட்டார். அந்த வாரம் சூப் இல்லை.

அவருடைய மீன் தொட்டிச் சங்கத்தில் பார்த்தெல்ட்ஸ் என்று ஒருவர். வாசல் மணிக்கு வாங்கி மிச்சப்பட்ட ஒயரையும், தெருமுனைக் கடையில் மூன்று நிமிடத்தில் வாங்கிய கனெக்டரையும் வைத்து, ஒரே சாயங்காலத்தில் தன் தொட்டி விளக்கை முடித்துவிட்டார். ஹார்மென் அவருக்காக மனதார வருத்தப்பட்டார். ஆனால் போன வருடப் போட்டியில் அதே பார்த்தெல்ட்ஸ் அரை மதிப்பெண்ணில் அவரைத் தோற்கடித்திருந்தார். அந்த அரை மதிப்பெண் ஹார்மெனின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. அதை எடுக்கத்தான் இத்தனை பாடும்.

சங்கத்து நடுவர் அக்டோபரில் வீடு வீடாக வந்து தொட்டி பார்ப்பது வழக்கம். அதற்கு ஐந்து நாள் முன்பு விளக்கு தொட்டி மூடியின் அடிப்பக்கத்தில் ஏறியது. மூடியைத் திறந்துவைத்துக் கனெக்டரை உள்பக்கம் மாட்டி, மூடியை மூடி, ஒயரின் மிச்சத்தைக் கீழே இழுத்து, ஒரு விரற்கடைகூட வீணாகாமல் நறுக்கி, கீழே மின்பெட்டியில் முடுக்கி, ஈரம் புகாமல் பசை ஊற்றி அடைத்தார். அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

நடுவர் அலெய்டா அம்மாள் வந்தார். காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் முடிந்தன. தொட்டி முன்னால் நெடுநேரம் குனிந்து நின்றார்.

"செடியெல்லாம் ஏன் சோபாவையே பாத்துக்கிட்டு சாஞ்சு நிக்குது?"

"என் வெளக்கத் தேடுதுங்க," என்றாள் தினெக்கெ. "ஏழு மாசப் பழக்கம், லேசுல விடுமா?"

நடுவர் எதையோ குறித்துக்கொண்டு, மூடியைத் திறக்கச் சொன்னார். ஹார்மென் தூக்கினார். மிச்சமில்லாத ஒயர் இழுத்துப் பிடிக்க, நான்கு விரல் உயரம் வந்து மூடி நின்றுவிட்டது. மூடியைத் திறக்க வேண்டுமானால் கனெக்டரைக் கழற்ற வேண்டும். கனெக்டரைக் கழற்ற வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். மூடியைக் கழற்றுவதற்காகத்தானே கனெக்டரே? ஐந்து நாளாக அந்தச் சந்து வழியாகக் காபிக் கரண்டியால் மீனுக்குத் தீனி போட்டுவந்த தினெக்கெ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவம், ஹார்மெனின் காது சிவந்துவிட்டது.

நடுவர் சந்துக்குள் கைவிட்டுத் துழாவினார். விரல் நுனி கனெக்டரில் பட்டுச் சட்டென்று நின்றது.

"இது திருகுற மாடலா? எங்க கெடச்சுது?"

அப்புறம் நாற்பது நிமிடம் இருவரும் பேசினார்கள். செடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புறப்படும்போது, ஜனவரியிலிருந்து தன் வீட்டுத் தொட்டிக்கு டார்ச் லைட்தான் என்று அலெய்டா அம்மாள் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார்.

முதலிடம் பார்த்தெல்ட்ஸுக்கு, நான்காவது ஹார்மெனுக்கு. மதிப்பெண் தாளின் ஓரத்தில் 'கனெக்டர் மிக நன்று' என்று எழுதியிருந்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது.

அடுத்த ஞாயிறு, கனெக்டரை மூடிக்கு வெளியே மாற்றுவதற்காக விளக்கு முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு, ஹார்மென் சோபா அருகே வந்து நின்றார். இரண்டே நாள் என்றார். தினெக்கெ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வெளக்கு இங்கதான் இருக்கும். வேணும்னா தொட்டியத் தூக்கிட்டு வா."

நீங்கள் சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்தக் கனெக்டருக்குள் எத்தனை பின்கள் என்று இதை எழுதுகிறவன் சொல்லவே இல்லையே என்று நடுவில் எங்காவது உங்களுக்கு உறுத்தியதா? உறுத்தியிருந்தால், வீட்டில் யாருடைய விளக்கு உங்களிடம் இருக்கிறது என்று பார்த்து, இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.