ஸ்ரீமதிக்குப் போட்ட விடுப்பு

மாரிசாமி ஒரு சந்தேகப் பிராணி. கடையில் நிறுத்து வாங்கிய தக்காளியை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பார். சுவர்க் கடிகாரம் பத்து மணி அடித்தால், பக்கத்து வீட்டுக் கடிகாரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ் வைத்துக்கொண்டு, அச்சான தேதியையே நம்பாத மனுசர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். மறுநாள் மல்லாங்கிணற்றில் தங்கச்சி லட்சுமிகாந்தம் கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. பொண்டாட்டி, மகளோடு குடும்பமாக வந்து நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. போன ரெண்டு விசேஷத்துக்கும் ஒத்தையாகப் போய் நின்று, "இந்தத் தடவையும் மதினி வரலையாண்ணே?" என்று தங்கச்சி நாலு பேர் முன்னால் கேட்டு, மானம் போயிற்று. ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமைதான் சாத்தூரில் பெண் பிள்ளைகள் வாலிபால் போட்டி. மகள் ஸ்ரீமதி முதல் தடவையாக ஆடுகிற பன்னிரண்டு பேரில் வந்திருந்தாள். கிளப்புக்குத் தலைவர் யார்? சாட்சாத் மாரிசாமியேதான்.

கிளப் பட்டியல் பிரஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. மதுரையில் படிக்கிற பையன் ஒருத்தன் அந்த வருசம், இரண்டாயிரத்து எட்டில், எழுதிக் கொடுத்த மென்பொருள். காலண்டருக்கு டைப் அடிக்கிற அவர் சம்சாரம் சொர்ணலட்சுமிதான் அதையும் பார்த்துக்கொண்டாள்.

"ஏ சொர்ணம், ஸ்ரீமதி பேரை எடுத்துரு. நாளைக்கு எல்லாரும் மல்லாங்கிணறு."

"சரிங்க."

மாரிசாமிக்குத் திக்கென்றது. பத்தொன்பது வருசக் குடித்தனத்தில் இந்த அம்மாள் முதல் தடவையிலேயே சரி சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னது, சரியா?"

"நீங்கதான சொன்னீக?"

"நான் சொன்னா நீ கேப்பியா?"

"கேக்கலைன்னாலும் கோவிச்சுக்கிறீக. கேட்டாலும் கோவிச்சுக்கிறீக."

"அது கெடக்கட்டும். பேருக்கு நேரா என்னமோ எழுதியிருக்கே, அது என்ன?"

"நெலமைங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒண்ணு. களத்தில், காத்திருப்பு, காயம், விடுப்பு, நீக்கம்."

"அஞ்சு எதுக்கு? வர்றா, இல்லைன்னா வரலை. முடிஞ்சு போச்சு."

"காலை ஒடிச்சுக்கிட்டவளும் வரலை, கல்யாணத்துக்குப் போனவளும் வரலை. ரெண்டும் ஒண்ணா?"

"காத்திருப்புன்னா?"

"உங்க தங்கச்சி வீட்டுப் பந்தியில வெறும் எலையைப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருப்பேன்ல, அதுதான்."

"நீக்கம்?"

"பால்காய்ப்புப் பத்திரிகையில எங்க அண்ணன் பேரைக் காணோமே, அது."

சொன்ன கையோடு அவள் ஸ்ரீமதி பேருக்கு நேரே 'விடுப்பு' என்று தட்டினாள். அவர் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். விடுப்புதான். காகிதத்தில் எடுக்கச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். விடுப்பேதான். அப்புறமும் ஆறவில்லை. கிளப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்குகிற டிரில் வாத்தியார் ரத்தினசாமிக்குப் போன் போட்டு, விடுப்பு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"போட்டா என்ன அண்ணாச்சி, காத்திருப்புல இருக்க மொத ஆளு தானா களத்துக்கு ஏறிரும். பன்னெண்டு பேரு இல்லாட்டி சாத்தூர்ல சேத்துக்கிட மாட்டாகல்ல?"

பார்த்தால், மாரித்தாய் என்று ஒரு பேர் பச்சையாகி மேலே ஏறி நின்றது.

"யாரு இந்த மாரித்தாய்?"

"நம்ம பத்திரகாளி மக," என்றாள் சொர்ணலட்சுமி, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பத்திரகாளிதான் பிரஸ்ஸில் காலண்டர் தாள்களைச் சேர்த்துப் பிடிக்கிற தகடு அடிக்கிறவள். திங்கட்கிழமை விடிந்ததும் இருபதாயிரம் காலண்டர் லாரியில் லோடு ஏற வேண்டும். சீசன் நேரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருந்தார்.

"நாளைக்கு அவ வேலைக்கு வருவால்ல?"

"மக மொத ஆட்டம். எந்தத் தாய்தான் போகாம இருப்பா?"

"அடுத்த ஆளைப் போடு!"

"சனா. கட்டிங் மிஷின் சாதிக் பாட்சா மக."

"ஐயையோ. அதுக்கடுத்து?"

"காத்திருப்புல அம்புட்டுதான்."

"மாரித்தாய்க்குக் காயம்னு தட்டிரு."

"டாக்டர் சீட்டு கேக்கும்."

"நீக்கம்?"

"தலைவர் காரணம் எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். அதைப் படிச்சிட்டு பத்திரகாளி சுத்தியலைத் தூக்குனா, தகட்டுலதான் அடிப்பான்னு என்னால சொல்ல முடியாது."

மாரிசாமி எழுந்து ரெண்டு நடை நடந்தார். இதில் எங்கேயோ சூது இருக்கிறது. மறுபடி வாத்தியாருக்குப் போன். காத்திருப்பில் யார் யார்? மாரித்தாய், சனா. வரிசை யார் போட்டது? "நாந்தான் அண்ணாச்சி எழுதிக் கொடுத்தேன்." எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

"வேணும்னா பத்திரகாளிகிட்டயே கேட்டுட்டு வாங்களேன். அங்கனதான இருக்கா," என்றாள் சொர்ணலட்சுமி.

"நல்லா இருக்கே! லீவு கேக்க மறந்திருக்கவளுக்கு நானே போய் ஞாபகப்படுத்தவா? என்னைய என்ன கேனயன்னு நெனச்சியா?"

"ச்சே, அப்படி நெனப்பேனா?"

யோசித்து யோசித்து மாரிசாமிக்கு மண்டை காய்ந்தது. பன்னிரண்டாவது ஆளாக யார் ஏறினாலும் பிரஸ்ஸில் ஒரு வேலை நிற்கும். பிரஸ்ஸுக்குச் சேதாரமில்லாமல் ஆடக்கூடியவள் ஒருத்திதான்.

"ஸ்ரீமதியையே களத்துல போட்டுரு."

"அப்ப மல்லாங்கிணறு?"

"நான் போய்க்கிறேன்."

"வயசுப் பிள்ளையை ஒத்தையிலயா அனுப்ப? நானும்ல சாத்தூர் போகணும்."

"போ, போ. எல்லாரும் போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மகளும் புளியோதரைப் பொட்டலத்தோடு வேனில் ஏறிக் கையசைத்துவிட்டுப் போனார்கள். மாரிசாமி வேட்டி சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏறுமுன் பிரஸ்ஸுக்கு ஒரு நடை போனார். சாதிக் பாட்சாவின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரகாளி டொக்கு டொக்கென்று தகடு அடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாவம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லையே இவள் என்று மனசும் இளகியது.

"பத்திரகாளி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத தாயி. அடுத்த போட்டியில உன் மகளைக் கட்டாயம் களத்துல எறக்கிருவோம்."

பத்திரகாளி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த மக? எனக்கு மூணும் பயலுகதான மொதலாளி? மூணு பேரு காதுகுத்துக்கும் மொதப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போனீகளே!"